வீட்டு ஊர்தியில் தனியாகப் பயணிப்போரின் இரவுத் தங்கல்

வீட்டு ஊர்தியில் தனியாகப் பயணிப்போரின் இரவுத் தங்கல் என்பது, உறங்குவதற்கும் சமைப்பதற்கும் வசதியுள்ள ஊர்தியில் துணையின்றிச் செல்லும் ஒருவர், ஒவ்வோர் இரவும் ஊர்தியை நிறுத்தி உறங்குவதற்கான இடத்தைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். இவ்வகை ஊர்திகள் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் திரைப்படப் படப்பிடிப்பு இடங்களில் காணப்படும் கேரவன் இதனை ஒத்ததாகும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் நிலையை அடிப்படையாகக் கொண்டது.

இருவராகச் செல்லும்போது ஒருவர் ஓட்ட மற்றவர் இடம் தேடலாம். ஊர்தியைப் பின்னோக்கி நகர்த்தும்போது ஒருவர் வெளியே நின்று வழிகாட்டலாம். ஒருவர் நோயுற்றால் மற்றவர் உதவி கோரலாம். தனியாகச் செல்பவருக்கு இவை எதுவும் இல்லை. எனவே அவர் இடத்தைத் தெரிவு செய்யும்போது மூன்று கேள்விகள் முதன்மை பெறுகின்றன: அங்கே இரவில் தங்க அனுமதி உண்டா? தேவை ஏற்பட்டால் பிறர் உதவியின்றி உடனே கிளம்ப இயலுமா? தாம் இருக்கும் இடத்தை வேறொருவர் அறிவாரா? இவற்றுக்கு இருட்டுவதற்கு முன்பே விடை காண்பதே பாதுகாப்பான தங்கலின் அடிப்படையாகும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் தானுந்துப் பயணம் பரவத் தொடங்கிய காலத்திலேயே ஊர்தியில் உறங்கும் வழக்கமும் தோன்றியது. ஊர்தியுடன் முகாமிட்டுப் பயணம் செய்தோர் 1919இல் புளோரிடா மாநிலத்தின் தாம்பா நகரில் ஒரு சங்கம் அமைத்தனர். இச்சங்கம் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று அழைக்கப்பட்டது. 1956இல் இயற்றப்பட்ட நெடுஞ்சாலைச் சட்டத்தைத் தொடர்ந்து மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் அமைக்கப்பட்டபோது நெடுந்தொலைவுப் பயணங்கள் பெருகின.

1962இல் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்சு நகரில், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் தமக்கிருந்த நிலத்தை டேவ் டிரம் என்பவர் முகாம் திடலாக்கினார். சியாட்டில் உலகக் கண்காட்சிக்குச் சென்றவர்கள் அங்கே தங்கிச் சென்றனர். இதுவே பின்னாளில் கே.ஓ.ஏ. என்னும் முகாம் திடல் நிறுவனமாக வளர்ந்தது.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் சார்லி என்னும் நாயை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு, தங்கும் அறை பொருத்திய சிறு பாரவூர்தியில் நாட்டைச் சுற்றினார். அப்பயணத்தைப் பற்றிய அவரது நூல் 1962இல் வெளிவந்தது. ஊர்தியையே வீடாகக் கொண்டு வாழும் முதியோரைப் பற்றி ஜெசிக்கா புரூடர் எழுதிய 'நோமட்லேண்ட்' என்னும் நூல் 2017இல் வெளியானது. அதனை அடிப்படையாகக் கொண்டு குளோயி சாவ் இயக்கிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. வேனில் தனியாக வாழும் ஒரு பெண்ணே அதன் முதன்மைக் கதைமாந்தர் ஆவார்.

ஊர்தி வகையும் இரவுப் பாதுகாப்பும்

வீட்டு ஊர்திகளை இரு பெரும் வகையாகப் பிரிக்கலாம்.

1. தானே ஓடுபவை: பேருந்து போன்ற பெரிய ஊர்திகள் 'ஏ' வகை, வேன்கள் 'பி' வகை, பாரவூர்தியின் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்டு ஓட்டுநர் அறைக்கு மேல் படுக்கை கொண்டவை 'சி' வகை எனப்படுகின்றன. இவற்றில் உறங்குபவர் வெளியே இறங்காமலேயே ஓட்டுநர் இருக்கைக்குச் சென்று ஊர்தியைக் கிளப்பலாம்.

2. இழுத்துச் செல்லப்படுபவை: மற்றோர் ஊர்தியின் பின்னால் இணைக்கப்படும் இழுவை வீடுகள் இவ்வகையின. இவற்றில் உறங்குபவர் கிளம்ப வேண்டுமானால் கதவைத் திறந்து வெளியே வந்து, இழுக்கும் ஊர்தியில் ஏற வேண்டும். சிறு பாரவூர்திகளின் மேல் பொருத்தப்படும் தங்கும் அறைகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

இவ்வேறுபாடு தனிப்பயணிக்கு முக்கியமானது. இழுவை வீட்டில் செல்பவர் ஒரே இரவு தங்கும்போது அதனை இழுக்கும் ஊர்தியிலிருந்து கழற்றாமல் விடுவது வழக்கம். அவ்வாறாயின் ஊர்தி நிற்கும் தரை சமமாக இருத்தல் வேண்டும். நுழைந்த பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக நேரே வெளியேறக்கூடிய தரிப்பிடங்கள், பின்னோக்கி நகர்த்த வேண்டிய தேவையை நீக்குகின்றன. பல முகாம் திடல்களில் முன்பதிவு செய்யும்போதே இத்தகைய இடத்தைக் கேட்டுப் பெறலாம்.

தங்குமிட வகைகள்

முகாம் திடல்கள்

தனியார் திடல்களில் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. தேசியப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் உள்ள திடல்கள் பலவற்றில் வசதிகள் குறைவு. அரசுத் திடல்கள் பலவற்றில் முகாம் பொறுப்பாளர் எனப்படும் தன்னார்வலர் தமது சொந்த ஊர்தியில் பருவகாலம் முழுவதும் தங்கியிருப்பார். அவருக்கு அருகிலுள்ள இடத்தைத் தெரிவு செய்வது தனிப்பயணிக்கு நன்மை தரும். இரவில் ஏதேனும் நேர்ந்தால் யாரிடம் செல்வது என்பது முன்னரே தெரிந்திருக்கும்.

பொது நிலங்கள்

நில மேலாண்மைப் பணியகம் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் நிலத்தையும், வனச்சேவை ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் நிலத்தையும் நிர்வகிக்கின்றன. இவை இரண்டும் கூட்டரசு அமைப்புகளாகும். இந்நிலங்களின் பல பகுதிகளில் திடல் அல்லாத இடங்களிலும் கட்டணமின்றித் தங்கலாம். நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களில் பொதுவாக 28 நாட்களுள் 14 நாட்கள் வரை ஓரிடத்தில் தங்க இடமுண்டு. அதன்பின் வேறிடம் செல்ல வேண்டும்.

இணைப்புகள் எதுவுமின்றி இவ்வாறு தங்குவது 'பூண்டாக்கிங்' எனப்படுகின்றது. மலை எனப் பொருள்படும் 'பூண்டொக்' என்னும் தகாலொகு மொழிச் சொல்லிலிருந்து இது பிறந்தது. பிலிப்பைன்சில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக இச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது. இவ்விடங்களில் அமைதி உண்டு. ஆனால் செல்பேசி இணைப்பும் அண்டை அயலும் இல்லாதிருக்கலாம். வறண்ட காலத்தில் எளிதாகக் கடந்த மண்சாலை, இரவு மழைக்குப் பின் சேறாகி வெளியேற இயலாமற் செய்யக்கூடும்.

நெடுஞ்சாலை ஓய்விடங்கள்

ஓட்டுநர்கள் களைப்பு நீங்கிச் செல்வதற்காக மாநில அரசுகள் இவற்றை நடத்துகின்றன. தங்கும் நேர வரம்பு மாநிலந்தோறும் வேறுபடும்.

புளோரிடா: 3 மணி நேரம்
கலிபோர்னியா, வாசிங்டன்: 8 மணி நேரம்
ஒரிகன்: 12 மணி நேரம்
டெக்சாஸ்: 24 மணி நேரம்

மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளின் ஓய்விடங்களில் கடைகள் நடத்துவதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கின்றது. பழைய கட்டணச் சாலைகள் சில இதற்கு விலக்காகும். இதன் விளைவாகப் பல ஓய்விடங்களில் இரவில் பணியாளர் எவரும் இருப்பதில்லை. இவற்றைச் சில மணி நேரக் களைப்பு நீக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவதே தனிப்பயணிக்கு ஏற்றது.

பாரவூர்தித் தரிப்பகங்கள்

பைலட் பிளையிங் ஜே, லவ்ஸ் முதலிய நிறுவனங்கள் நெடுஞ்சாலையோரத்தில் எரிபொருள் நிலையம், உணவகம், குளியலறை ஆகியவற்றைக் கொண்ட தரிப்பகங்களை நடத்துகின்றன. இரவு முழுதும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருப்பது இவற்றின் நன்மை. இரைச்சல் குறையாகும்.

இரவில் பாதுகாப்பான தரிப்பிடம் கிடைக்காமையின் விளைவை அனைவரும் அறியச் செய்த நிகழ்வு பாரவூர்தி ஓட்டுநர் ஒருவருக்கு நேர்ந்தது. 2009இல் ஜேசன் ரிவன்பர்க் என்பவர் சரக்கை ஒப்படைக்க வேண்டிய நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். நிறுத்த இடமின்மையால் தென் கரொலைனாவில் கைவிடப்பட்ட ஓர் எரிபொருள் நிலையத்தில் ஊர்தியை நிறுத்தினார். அங்கே அவர் கொலை செய்யப்பட்டார்; கொள்ளையடிக்கப்பட்ட தொகை 7 டொலர் மட்டுமே. அவரது குடும்பத்தினர் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, பாரவூர்திகளுக்குத் தரிப்பிடம் அமைக்க நிதி வழங்கும் 'ஜேசன் சட்டம்' 2012இல் நிறைவேறியது. பாரவூர்திகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களை வீட்டு ஊர்திகள் நிரப்பலாகாது என்று பயணிகளின் சங்கங்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். வீட்டு ஊர்திகளுக்குத் தனியிடம் உள்ள தரிப்பகங்களில் அவ்விடத்தையே பயன்படுத்த வேண்டும்.

வணிக நிறுவனங்களின் தரிப்பிடங்கள்

வால்மார்ட் அங்காடிகள் பலவற்றில் வீட்டு ஊர்திகள் ஓரிரவு நிற்க அனுமதி உண்டு. ஆயினும் இது பொது உரிமை அன்று. இட வசதியையும் உள்ளூர்ச் சட்டத்தையும் பொறுத்து ஒவ்வோர் அங்காடியின் மேலாளரும் முடிவு செய்கின்றார். கிராக்கர் பேரல் உணவகங்கள் பலவற்றிலும் சூதாட்ட விடுதிகள் சிலவற்றிலும் இவ்வழக்கம் காணப்படுகின்றது. அனுமதியைத் தொலைபேசி வழியாகவோ நேரிலோ கேட்டறிய வேண்டும். நாற்காலி போடுதல், வெயில் மறைப்பை விரித்தல், ஊர்தியின் பக்கவாட்டுப் பகுதியை வெளியே நீட்டுதல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். இது வெறும் நாகரிகம் மட்டும் அன்று; எதுவும் வெளியே விரிக்கப்படாத ஊர்தியே உடனே கிளம்ப வல்லது.

உறுப்பினர் அமைப்புகள்

ஆண்டுச் சந்தா செலுத்தும் உறுப்பினர்களைப் பண்ணைகள், திராட்சைத் தோட்டங்கள், மதுவடிப்பகங்கள் முதலியவற்றில் ஓரிரவு தங்கச் செய்யும் அமைப்பு ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் ஆகும். தங்குவோர் அவ்விடத்தில் ஏதேனும் வாங்குவது எதிர்பார்க்கப்படுகின்றது. தனியார் வீடுகளின் வளவில் தங்க வழிசெய்யும் பூண்டாக்கர்ஸ் வெல்கம் 2012இல் தொடங்கப்பட்டது. 2021இல் இது ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்சுடன் இணைந்தது. இவற்றில் விருந்தினர் இன்னார் என்பது இடத்துக்குரியவருக்குத் தெரியும். பிறர் எழுதிய கருத்துகளைப் படித்து, இடத்தின் தன்மையைத் தனிப்பயணி முன்கூட்டியே அறியலாம்.

சட்ட நிலை

ஊர்தியில் உறங்குவது குறித்து நாடு முழுமைக்குமான ஒரே சட்டம் இல்லை. நகரங்களும் கவுண்டி எனப்படும் மாவட்டங்களும் தத்தம் விதிகளை வகுக்கின்றன. ஊர்தியை வசிப்பிடமாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்த லாஸ் ஏஞ்சலஸ் நகர விதி தெளிவற்றது எனக் கூறி, கூட்டரசு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2014இல் அதனைச் செல்லாததாக்கியது. மாறாக, ஒரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் தொடர்பான வழக்கில், பொதுவிடங்களில் முகாமிடுவதைத் தடைசெய்யும் விதிகளை நகரங்கள் நடைமுறைப்படுத்தலாம் என உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது.

வீட்டு ஊர்தி வீடா, ஊர்தியா என்னும் வினாவும் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 1985இல் கலிபோர்னியா எதிர் கார்னி வழக்கில், வசிப்பிடம் அல்லாத பொதுத் தரிப்பிடத்தில் உடனே ஓடக்கூடிய நிலையில் நிற்கும் வீட்டு ஊர்தியை, தக்க காரணம் இருப்பின் காவலர்கள் பிடியாணையின்றிச் சோதனையிடலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது.

சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அனுமதியற்ற இடத்தில் உறங்குபவர் நள்ளிரவில் எழுப்பப்பட்டு, களைப்புடனும் இருளிலும் அறியாத சாலையில் ஓட்ட நேரிடும். கதவைத் தட்டுபவர் காவலரா, வேறு எவருமா என்னும் ஐயமும் எழும். அனுமதி பெற்ற இடத்தில் இவ்விரு இடர்களும் பெரிதும் குறைகின்றன.

இடத்தைத் தெரிவு செய்யும் முறை

பொழுது சாய்வதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே இடத்தை அடைவது முதல் விதியாகும். பகல் வெளிச்சத்தில் இடத்தைச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், தங்குவதைத் தடைசெய்யும் அறிவிப்புப் பலகை, உடைந்த கண்ணாடித் துண்டுகள், தாழ்ந்த கிளைகள், மென்மையான மண் ஆகியவற்றைக் காணலாம். இடம் பொருந்தாவிடின் செல்வதற்காக, அரை மணி நேரத் தொலைவுக்குள் ஒரு மாற்றிடத்தை முன்னரே குறித்து வைத்தல் நல்லது. மாற்றிடம் தெரியாதவர், மனம் ஒவ்வாத இடத்திலும் வேறு வழியின்றித் தங்கிவிட நேரிடும்.

தங்கத் தீர்மானித்தபின் பின்வருவன கடைப்பிடிக்கப்படுகின்றன:

1. ஊர்தியின் முன்புறம் வெளியேறும் வழியை நோக்கியிருக்குமாறு நிறுத்துதல். பிற ஊர்திகள் மறித்து நிற்க இயலாத இடத்தைத் தெரிவு செய்தல்.
2. எரிபொருள் கலத்தில் பாதிக்குக் குறையாமல் வைத்திருத்தல்.
3. படுக்கைக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் இடையே பொருட்கள் இன்றி வழி விடுதல். சாவியை எப்போதும் ஒரே இடத்தில் வைத்தல்.
4. உள்விளக்கை ஏற்றுவதற்கு முன் திரைகளை மூடுதல்.
5. தனியாக வந்திருப்பதையும் மறுநாள் செல்லும் வழியையும் அறியாதவரிடம் கூறாதிருத்தல். தங்கியிருக்கும் இடத்தின் படங்களை அங்கிருந்து கிளம்பிய பின்னரே இணையத்தில் வெளியிடுதல்.
6. இரவில் எவரேனும் கதவைத் தட்டினால், கதவைத் திறவாமல் உள்ளிருந்தே பேசுதல்; காவலர் என்று கூறுபவர் குறித்து ஐயம் எழுந்தால் 911ஐ அழைத்து உறுதி செய்தல்.

வெளியே இரண்டு நாற்காலிகள் போடுதல், பெரிய காலணிகளை வாசலில் வைத்தல் போன்ற உத்திகளும் தனிப்பயணிகளிடையே வழக்கில் உள்ளன. துணை இருப்பதுபோல் காட்டுவது இவற்றின் நோக்கம். ஆயினும் இவை கிளம்பிச் செல்லும் வசதிக்கு ஈடாகா. மனத்தில் உறுத்தல் ஏற்பட்டால் காரணம் தேடிக்கொண்டிராமல் கிளம்பிவிடுவதே தனிப்பயணிகளின் சங்கங்கள் பொதுவாகக் கூறும் அறிவுரையாகும்.

மது அருந்தியவர் இவ்வாறு கிளம்ப இயலாது. சில மாநிலங்களில், மது அருந்திய நிலையில் சாவியுடன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பதும் குற்றமாகலாம். தற்காப்புக் கருவிகள் தொடர்பான சட்டங்களும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பான் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பரிந்துரைக்கப்படுகின்றது. யொசெமிட்டி தேசியப் பூங்காவில் அது தடைசெய்யப்பட்டுள்ளது. மனிதருக்கு எதிரான மிளகுத் தெளிப்பானைக் கனடாவுக்குள் கொண்டுசெல்ல இயலாது.

இயற்கை இடர்கள்

தனிப்பயணிகளின் அச்சம் பெரும்பாலும் அறியாத மனிதர்களைப் பற்றியதாகவே இருக்கின்றது. ஆனால் கட்டணமும் அனுமதியும் உள்ள திடல்களிலேயே நீரினால் பேரிழப்புகள் நேர்ந்துள்ளன.

2010 சூன் 11 அதிகாலையில், ஆர்கன்சா மாநிலத்தின் உவாச்சிட்டா தேசிய வனத்திலுள்ள ஆல்பர்ட் பைக் முகாம் திடலில் லிட்டில் மிசூரி ஆறு பெருக்கெடுத்தது. ஏறத்தாழ 1 மீற்றராக இருந்த நீர்மட்டம் சில மணி நேரத்துள் 7 மீற்றருக்கு உயர்ந்தது. உறங்கிக்கொண்டிருந்தோருள் 20 பேர் உயிரிழந்தனர். 2025 சூலை 4 அதிகாலையில் நடு டெக்சாசில் தொடங்கிய வெள்ளத்தில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குவாடலூப்பே ஆற்றங்கரையிலிருந்த வீட்டு ஊர்தித் திடல்களும் அடித்துச் செல்லப்பட்டன. இரு நிகழ்வுகளும் விடுமுறைக் காலத்தில், இரவில், மலைப்பாங்கான நிலத்திலுள்ள ஆற்றங்கரைகளில் நேர்ந்தவையாகும். நீரோரத்தில் உள்ள தாழ்ந்த இடத்தினும் மேட்டுப் பகுதியிலுள்ள இடமே பாதுகாப்பானது. பாலைநிலத்தில் மணல் படிந்த வறண்ட ஓடைகளும் இவ்வாறே தவிர்க்கத்தக்கவை. மழை வேறெங்கோ பெய்திருப்பினும் அவற்றில் வெள்ளம் வரலாம்.

சூறாவளிச் சுழற்காற்றின்போது வீட்டு ஊர்தி பாதுகாப்பான புகலிடம் அன்று. திடலை அடைந்தவுடன் அருகிலுள்ள உறுதியான கட்டடம் எது என அறிந்துகொள்ள வேண்டும். பல திடல்களில் கழிப்பறைக் கட்டடமே இதற்குப் பயன்படுகின்றது. தேசிய வானிலை வானொலி 162.400 முதல் 162.550 மெகாஏர்ட்சு வரையுள்ள 7 அலைவரிசைகளில் எச்சரிக்கைகளை ஒலிபரப்புகின்றது. இவ்வெச்சரிக்கைகள் பெரும்பாலும் கவுண்டிகளின் பெயரால் அறிவிக்கப்படுவதால், தாம் எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்பதைத் தெரிந்து வைத்தல் இன்றியமையாதது.

கரடிகள் உலவும் பகுதிகளில் உணவைச் சேமிக்கும் விதிகள் உண்டு. யெல்லோஸ்டோன் பூங்காவின் பிஷிங் பிரிட்ஜ் திடலில் உறுதியான சுவர் கொண்ட ஊர்திகளுக்கு மட்டுமே இடமுண்டு. கூடாரங்களுக்கும் துணிச் சுவர் கொண்ட ஊர்திகளுக்கும் அனுமதி இல்லை.

ஊர்தியினுள் உள்ள இடர்கள்

மின்னாக்கி, எரிவாயு அடுப்பு, சூடேற்றி ஆகியவற்றிலிருந்து கார்பனோராக்சைடு வெளியேறலாம். நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம் உறங்குபவரை எழுப்பாமலேயே கொல்லக்கூடியது. எழுப்பிவிட வேறொருவர் இல்லாத ஊர்தியில் எச்சரிக்கைக் கருவியே துணையாகும். அக்கருவிக்குக் காலாவதித் தேதி உண்டு என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. மின்னாக்கியை இயங்கவிட்டு உறங்குதல் கூடாது. அண்டையில் நிற்கும் ஊர்தியின் மின்னாக்கிப் புகை தம் சாளரத்தை நோக்கி வராத இடத்தையும் தெரிவு செய்ய வேண்டும்.

எரிபொருளாகும் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது; எனவே அதன் கசிவை உணரும் கருவி தரையை ஒட்டிப் பொருத்தப்படுகின்றது. படுக்கைப் பகுதியில் உள்ள அவசர வெளியேற்றச் சாளரத்தைப் பயணம் தொடங்குமுன் ஒருமுறையேனும் உள்ளிருந்து தாமே திறந்து பார்த்தல் வேண்டும்.

தொடர்பும் உதவியும்

ஒவ்வொரு மாலையும் தங்கும் இடத்தின் பெயர், திடலில் தமது இடத்தின் எண், மறுநாள் தொடர்பு கொள்ளும் நேரம் ஆகியவற்றை ஒருவருக்குத் தெரிவித்தல் வேண்டும். குறித்த நேரத்தில் தகவல் வராவிடின் யாரை அழைப்பது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். 911க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி எல்லா இடங்களிலும் இல்லை. எனவே இயலுமாயின் பேசி அழைப்பதே சிறந்தது. அழைப்பவர் சாலையின் எண்ணையும் அருகிலுள்ள மைல்கல்லின் எண்ணையும் கூறினால் உதவி விரைவில் வந்தடையும்.

செல்பேசி இணைப்பு அற்ற இடங்களில் செய்மதி வழியாக அவசரச் செய்தி அனுப்பும் கருவிகள் பயன்படுகின்றன. 2022 நவம்பரில் ஐபோன் 14 வகைச் செல்பேசிகளில் இவ்வசதி ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் அறிமுகமானது. இக்கருவிகளுக்குத் திறந்த வானம் தேவை. அடர்ந்த மரங்களும் குறுகிய பள்ளத்தாக்குகளும் தடையாகலாம்.

தனிப்பயணிகளின் சங்கங்கள்

1978இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் சங்கம் டெக்சாசின் லிவிங்ஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. நோயினாலோ முதுமையினாலோ பயணத்தைத் தொடர இயலாத உறுப்பினர்கள் தமது ஊர்தியிலேயே தங்கிப் பராமரிப்புப் பெறும் நிலையம் ஒன்றும் அங்கே உள்ளது. துணையின்றிப் பயணிப்போருக்கெனவே அமைந்தது 'லோனர்ஸ் ஆன் வீல்ஸ்'. பெண்களுக்கென 1991இல் ஆர்வியிங் உமன், 1999இல் சிஸ்டர்ஸ் ஆன் த பிளை ஆகியவை தோன்றின. இச்சங்கங்களின் கூடல்களில் ஊர்தியைப் பின்னோக்கி நகர்த்துதல், சக்கரம் மாற்றுதல், எரிவாயுக் கசிவைச் சோதித்தல் முதலியவற்றைப் புதியவர்கள் அனுபவமுள்ளோரிடமிருந்து கற்கின்றனர். பிறர் உதவியை எதிர்பாராமல் இவற்றைச் செய்யத் தெரிந்தவருக்கு, பொருந்தாத இடத்தை விட்டு எந்நேரமும் கிளம்புவது எளிதாகின்றது.